மிச்ச மருந்து

கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரியாத நர்ஸ் எந்த ஊரிலும் கிடையாது. முதுகை நிமிர்த்தி, தலையை லேசாகச் சாய்த்து, பேசுகிறவரின் நெற்றியில் பார்வையை நிறுத்திவிட்டால் போதும், மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும். இதைப் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. இருபத்திரண்டு வருஷம் வார்டில் நின்றவள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பச்சைத் திரை போட்ட அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் தானாக வந்துவிடும்.

குட்டை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த அறை ஒரு காலத்தில் குழந்தைகள் வார்டாக இருந்தது. சுவர் முழுக்க நீலம் அடித்து, ஆரஞ்சும் மஞ்சளுமாக மீன்கள் வரைந்திருந்தார்கள். குழந்தைகளைப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனபோது கட்டிலை எடுத்தார்கள், தொட்டிலை எடுத்தார்கள், மீன்களை மட்டும் எடுக்க முடியவில்லை. பிற்பகல் வெயில் பச்சைத் திரை வழியாக இறங்கும்போது அறை மொத்தமும் தண்ணீருக்கு அடியில் போய்விடும். ஓரத்துக் கட்டிலில் பயிற்சிக்கான ரப்பர் பொம்மை ஒன்று போர்வையோடு படுத்திருந்தது. ஊசி குத்தினாலும் குழாய் சொருகினாலும் வாயைத் திறக்காமல் கிடப்பதால் நர்ஸ்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வகுப்பின் பெயர் நீளமானது. அடிமைப் பழக்கமும் நலிந்த நோயாளிகளும், நர்ஸ்களுக்கான தொடர் கல்வி. தினம் மூன்று மணி நேரம், நான்கு மதியம். இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள், பதிவு இல்லாவிட்டால் வேலை இல்லை. அதனால் காலை ஷிப்டை முடித்த கையோடு பதினெட்டுப் பேர் மீன்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தார்கள். நாலு மணிக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. பாடத்தைவிட அதற்குத்தான் வகுப்பு முழுக்க விழித்திருந்தது.

குட்டைக்குப் பக்கத்து நாற்காலியில் நெட்டை. இந்த இரண்டு பேரும் பயிற்சிப் பள்ளியின் முதல் நாளிலேயே ஒட்டிக்கொண்டவர்கள். அன்றைக்கு உயரப்படி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். வரிசையின் ஒரு கோடியில் இவள், மறு கோடியில் அவள். அப்புறம் ஜோடி சேர்ப்பதற்காக வரிசையை வட்டமாக வளைத்தபோது இரண்டு கோடியும் ஒன்றாக வந்து நின்றன. அன்று வைத்த பெயர்தான் இன்றைக்கும். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

டீச்சர் இவர்களைவிடப் பத்து வயது இளையவள். குரல் அவ்வளவு மெல்லிசு. வார்டில் இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு பெட்பேன்கூடக் கேட்டு வாங்க முடியாது என்று குட்டை நினைத்தாள். நினைத்தபடியே முதல் நாள் தூங்கிப்போனாள். தூக்கத்தில் டீச்சர் சொல்வதை எல்லாம் சுவர் மீன்கள் வாயைத் திறந்து மூடிச் சொல்லிக்கொண்டிருந்தன. வலி மருந்து பழகிப்போனவருக்கு வெளிச்சம் குறைந்த இடத்திலும் கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கியே இருக்கும் என்றது ஒரு மஞ்சள் மீன். வாய் உலரும், மலம் கட்டும், வெயில் காலத்திலும் குளிரும் என்றது இன்னொன்று. குட்டை இரண்டு மீன்களுக்கும் தலையாட்டினாள்.

யாரோ சிரித்த சத்தத்தில் விழிப்பு வந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று கேட்டிருந்தாள், "டீச்சர், நம்மள்லயே யாராவது இப்படி இருந்தா?" அதற்குத்தான் அறை சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"இருப்பாங்க," என்றாள். "மருந்து அலமாரி சாவி நம்ம இடுப்புலதான இருக்கு. தானா வந்து சொல்றவங்களுக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு இருக்கு. ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும், ஆனா வேலைக்குத் திரும்பி வரலாம். மாட்டிக்கிட்டா அப்படி இல்ல. விசாரணைதான், அதோட பதிவு போச்சு."

குட்டை பக்கத்தில் திரும்பி, "பிஸ்கட்டு வந்துடுச்சா?" என்று கேட்டாள். நெட்டை ஸ்வெட்டரின் கையை இழுத்து மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு, "இன்னும் அரைமணி இருக்கு, தூங்கு," என்றாள்.

இரண்டாவது நாள் டீச்சர் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்தாள். திரும்பத் திரும்ப வலி ஊசி கேட்கிற நோயாளியை உங்கள் வார்டில் என்னவென்று சொல்வீர்கள், பெயர் போடாமல் எழுதுங்கள் என்றாள். எல்லோரும் குஷியாக எழுதினார்கள். ஊசி கேஸு, டிராமா பார்ட்டி, கத்தல் மன்னன், மருந்து மகராசி. டீச்சர் அதை எல்லாம் ஒவ்வொன்றாக, மெதுவாக, திட்டாமல் வாசித்தாள். முதல் ஐந்துக்குச் சிரித்தார்கள். பத்தாவதுக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. குட்டை எழுதியது 'வலி தாங்காதவர்' என்பது. மற்றவர்களுடையதைவிட நாகரிகமான வார்த்தை என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவள் நாகரிகம் அவள் வீட்டுச் சொத்து. அக்கா புருஷன் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வரும்போது வீட்டில் ஒருவர் விடாமல் டிவியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அம்மா சத்தத்தைக் கூட்டி வைப்பாள். வீட்டு மாப்பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டால் அவர் மனசு சங்கடப்படும் இல்லையா. எட்டு வருஷம் அப்படி மரியாதையாகப் பார்க்காமல் இருந்தார்கள். அந்த மரியாதையிலேயே அத்தான் போய்ச் சேர்ந்தார்.

நெட்டையும் குட்டையும் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தார்கள். முப்பத்திரண்டு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். அங்கே கடும் வலிக்குப் போடுகிற மருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும், அதைப் பூட்டிய அலமாரியில் வைத்திருப்பார்கள். வயசானவர், மெலிந்தவர் என்றால் டாக்டர் பாதிக் குப்பிதான் எழுதுவார். மிச்சப் பாதியை வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு நர்ஸ் பார்த்துக்கொண்டு நிற்க, கை கழுவுகிற தொட்டியில் கொட்ட வேண்டும். கொட்டியவள் நோட்டில் கையெழுத்துப் போடுவாள், பக்கத்தில் 'கண்டவர்' என்ற கட்டத்தில் மற்றவள் போடுவாள். சட்டம் அப்படி. நடப்பு என்னவென்றால், ஒருத்தி ஊசி போடும்போது மற்றவள் வார்டின் மறு கோடியில் யாருக்காவது கட்டுப் பிரித்துக்கொண்டிருப்பாள். ஷிப்ட் முடியும்போது நெட்டை நோட்டை நீட்டுவாள், குட்டை பஸ்ஸுக்கு மணி பார்த்துக்கொண்டே ஏழெட்டுக் கட்டத்தில் மடமடவென்று கையெழுத்துப் போடுவாள். ஒரு தடவையாவது காட்டு, பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொன்னால், இருபத்திரண்டு வருஷச் சிநேகிதியைத் திருடி என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா.

அந்த வாரம் பதினாலாம் கட்டிலில் ஒரு பெரியவர். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர், இடுப்பெலும்பும் உடைந்திருந்தது. பாதிக் குப்பி எழுதியிருந்தார்கள். இரண்டு நாளாக ஊசி போட்ட பிறகும் அனத்தினார். மூன்றாம் நாள் காலையில் குட்டை அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இப்பத்தான தாத்தா போட்டாங்க, கொஞ்சம் பொறுங்க," என்றாள். அவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, கண்ணை அகல விரித்து எதையோ சொல்லப் பார்த்தார். வாயில் காற்றுதான் வந்தது. குட்டை குறிப்புத் தாளில் வலி தாங்காதவர் என்று எழுதினாள்.

அன்று மதியம் டீச்சர் பொம்மை மாப்பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு அட்டைப் பெட்டியைக் குலுக்கி ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொன்னாள். நெட்டைக்கு வந்தது நோயாளி, குட்டைக்கு வந்தது நர்ஸ்.

"ரொம்ப சுலபம்," என்றாள் டீச்சர். "அவங்க கண்ணு மட்டத்துக்கு உக்காருங்க. ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அதுக்குள்ள முகத்தத் திருப்பாதீங்க, அடுத்த கேள்வி கேக்காதீங்க, ஆறுதலும் சொல்லாதீங்க. சும்மா இருங்க."

நெட்டை செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தாள். கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டன. "குழந்த வார்டுக் கட்டிலா டீச்சர் இது?" என்று அவள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முக்காலியில் உட்கார்ந்த குட்டையும் படுத்திருந்த நெட்டையும் அன்றைக்குத்தான் ஒரே உயரத்தில் இருந்தார்கள்.

"எங்கம்மா வலிக்குது?" என்று குட்டை வார்டுக் குரலில் ஆரம்பித்தாள்.

"முதுகுலங்க சிஸ்டர்."

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா."

குட்டைக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கனமான ஆளைப் படுக்கைக்கு மாற்றினார்கள். விரிப்பின் தலைமாட்டை நெட்டை பிடித்திருந்தாள், கால்மாட்டை இவள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி ஒன்றாகத் தூக்குவது வழக்கம். இவள்தான் எண்ணினாள். மூணு என்கிறபோது வாசலில் யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், இவள் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் முழுப் பாரமும் நெட்டை மேல் இறங்கிவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. "விடுடி, என் முதுகு நீளம், அதான் உடையறதுக்கு நிறைய இடம் இருக்கு," என்று அவள் சிரித்தாள். இரண்டு வாரம் லீவு போட்டாள், வந்தாள், அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

"வலிக்கு என்ன எடுத்துக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுக் குட்டை எண்ணத் தொடங்கினாள்.

பத்து வரை எண்ணுவது எவ்வளவு தூரம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மூன்றில் மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. நாலில் திரை அசைந்து பச்சை வெளிச்சம் நெட்டையின் முகத்தில் ஏறி இறங்கியது. ஆறில் ஆரஞ்சு மீன் ஒன்று அவள் தோளுக்கு மேலே நின்று காத்திருந்தது. எட்டு. நாடித் துடிப்பு எண்ணுகிற பழக்கத்தில் விரல் தானாகப் போய் நெட்டையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"ஊசி," என்றாள் நெட்டை.

"யாரு போடறா?"

"நானேதான்." அவளே தொடர்ந்தாள். "மொதல்ல வலிக்கறப்ப மட்டும். அப்புறம், வலிச்சுடுமோன்னு. இப்ப எதுக்குன்னே தெரியல சிஸ்டர். போட்டுக்கிட்டா இந்த ரூம் மாதிரி ஆயிடும். தண்ணிக்கு அடியில படுத்திருக்கற மாதிரி. யாரு கூப்பிட்டாலும் மேல எங்கயோ கேக்கும்."

"மருந்து எப்படிக் கெடைக்குது?"

"மிச்சம் இருக்கும்ல."

முன்வரிசைச் சின்னப் பெண் தோழியின் காதில், "என்னமா நடிக்கறாங்க பாரேன்," என்றாள்.

"கூட இருக்கறவங்க யாருக்கும் தெரியாதா?" என்றாள் குட்டை. அந்தக் கேள்வி அவள் எடுத்த நர்ஸ் சீட்டிலேயே எழுதியிருந்தது.

இந்தத் தடவை பத்தும் முடிந்தது. நெட்டை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஒருத்தி இருக்கா. பக்கத்துலயேதான் நிப்பா. ஆனா பாக்க மாட்டா. ரொம்ப மரியாதையான பொண்ணு."

அப்புறம் திரும்பி நேராகப் பார்த்தாள். குட்டை முகத்தைத் திருப்பவில்லை, திருப்பக் கூடாது என்பதுதானே விதி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கண்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். புத்தகம் படிக்க முடியாத அளவுக்கு மங்கின அறை அது. பக்கத்தில் இருக்கிற எல்லோருடைய கண்மணியும் அகலமாக விரிந்திருந்தது. நெட்டையின் கண்ணில் இரண்டு கடுகு.

பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் கை தட்டினார்கள். டீ வந்ததும் நெட்டையைச் சுற்றிக்கொண்டு, நீங்க நடிக்கப் போயிருக்க வேண்டியவங்கக்கா என்றார்கள். அவள் அதற்குத் தலை வணங்கி, மாப்பிள்ளைதான் எனக்குக் குரு என்றாள். டீச்சர் மட்டும் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றிருந்தாள்.

மழை தூறியது. பஸ் நிறுத்தம் வரை இருவரும் ஒரே குடையில் போனார்கள். குடை எப்போதும் நெட்டையின் கையில்தான், குட்டை பிடித்தால் நெட்டையின் தலை இடிக்கும். நனைந்த தெருவில் கடை விளக்குகள் தலைகீழாக எரிந்துகொண்டிருந்தன. கேள்வி குட்டையின் வாய் வரை வந்தது. கேட்டால், அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் வேலை முடிந்தது. அதோடு போகாது. நோட்டின் ஒவ்வொரு வரியிலும் 'கண்டவர்' என்று இருப்பது குட்டையின் கையெழுத்து. அவள் வீட்டில் ஒரு பெண் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, நாக்க டீயோட முழுங்கிட்டியா?" என்றாள் நெட்டை.

"தூக்கம் வருது," என்றாள் குட்டை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

வீட்டில் அவள் புருஷன் பள்ளிக்கூட வண்டியை ஓட்டி முடித்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள். அவன் ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தான். "சொன்னா அவ பொழப்பு போகும், உன்னோடதும் ஆடும். சரி, சொல்லலைன்னா?" என்றான். ஈரத் தலையோடு சோபாவில் சாய்ந்தவள் அப்படியே கண் அயர்ந்துவிட்டாள்.

கனவில் அறுவை வார்டுக்குள் தண்ணீர் வந்திருந்தது. சத்தமில்லாமல் கூரை வரைக்கும் நிறைந்திருந்தது. முப்பத்திரண்டு கட்டிலும் மெல்ல மிதந்தன. நெட்டை வெகு கீழே, தரையில் தலைமுடி விரியப் படுத்திருந்தாள், பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தாள். குட்டை நோட்டைப் பிரித்துத் தண்ணீருக்குள்ளேயே கையெழுத்துப் போட்டாள். போடப் போட மை புகை மாதிரிக் கரைந்து போனது. பதினாலாம் கட்டில் பக்கத்தில் வந்து முட்டியது. பெரியவர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். குமிழிதான் வந்தது. ஒவ்வொரு குமிழியாக எண்ணினாள். பத்தாவது குமிழியில் அவர் சொல்ல வந்தது புரிந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்தாள். எட்டு மணிச் செய்தியே இன்னும் முடியவில்லை, புருஷன் கடைசித் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் தாத்தாவுக்கு வலி தாங்கற சக்தி இல்லன்னு எழுதிட்டு வந்தேங்க," என்றாள். "அவருக்கு ஊசியே போகல. தண்ணிதான் போயிருக்கு." அப்புறம் வாய்விட்டு அழுதாள். அத்தான் செத்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. அவன் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவருக்கு ஊசி நேரம். நெட்டை அலமாரியைத் திறந்து தட்டை எடுத்துக்கொண்டு மருந்து அறைக்குள் போனாள். குட்டை கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டுப் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

"என்ன?" என்றாள் நெட்டை.

"பாக்க வந்தேன்."

"கையெழுத்து மத்தியானம் போட்டுக்கலாம், போ."

"பாத்துட்டுத்தான் போடுவேன். இனிமே எல்லாம் பாத்துட்டுத்தான்."

நெட்டை தட்டைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முகத்தில் குட்டை பார்க்காத ஒரு கோபம் வந்தது. "என் மேல சந்தேகமா? எத்தன வருஷமாடி என்னத் தெரியும் உனக்கு?"

குட்டை கதவோரத்தை விட்டு நகரவில்லை. ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. மனசுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. ஜன்னலில் நேற்றைய மழையின் சொட்டு ஒன்று இறங்கி வந்தது. ஐந்தில் நெட்டையின் கோபம் போய்விட்டது. ஏழில் மூக்கு நுனி சிவந்தது. ஒன்பதில் அவள் சுவரில் சாய்ந்து, அந்த நீள உடம்பு முழுக்க மடிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிச்சம் மட்டும்தான்டி எடுத்தேன்," என்றாள். "சத்தியமா, மூணு வருஷமா மிச்சம் மட்டும்தான். தொட்டியில போறதுதானன்னு. இந்த வாரம்தான், தாத்தா பேச மாட்டாருல்ல, அதனால." வாயை ஸ்வெட்டர் கையால் பொத்திக்கொண்டாள்.

குட்டைக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை, வெளியே அந்தப் பெரியவர் காத்திருந்தார். "மொதல்ல அவரு. எந்திரி," என்றாள்.

குப்பியை இவள் உடைத்தாள். பாதியை அளந்து ஏற்றினாள். இரண்டு பேரும் பதினாலாம் கட்டிலுக்குப் போனார்கள். குட்டை ஊசி போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பெரியவரின் நெற்றி மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிந்தது. கடைவாயிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவர் குட்டையைப் பார்த்தார், பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்ற நெட்டையைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை அது. வலி போன சுகத்தில் எல்லோரையும் பார்க்கிற மாதிரி அவளையும் பார்த்தார். நெட்டையால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மருந்து அறையில் மிச்சப் பாதி இருந்தது. குட்டை அதை சிரிஞ்சில் ஏற்றி நெட்டையின் கையில் கொடுத்தாள்.

"நீயே ஊத்திடுடி," என்றாள் நெட்டை. "என்னால முடியாது. என் கை கேக்காது."

"நீதான் ஊத்தணும். நான் பிடிச்சுக்கறேன்."

அந்த நீள விரல்கள் வேர்த்துக் குளிர்ந்திருந்தன. குட்டை தன் இரண்டு கையையும் அவற்றின் மேல் வைத்துப் பிடித்தாள். தொட்டிக்கு மேலே கொண்டுவந்தாள். அந்தச் சொட்டு மருந்துக்கு அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஆளின் கனம் இருந்தது.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு."

வாசலில் யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

குட்டை திரும்பவில்லை. "மூணு," என்றாள். நான்கு கையும் சேர்ந்து அழுத்தின. மருந்து மெல்லிய கோடாகத் தொட்டியில் விழுந்து, குழாய்த் தண்ணீரோடு சுழன்று, போய்விட்டது. நெட்டை அது போன ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டை நோட்டை எடுத்து 'கண்டவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருஷத்தில் அவள் போட்ட முதல் நிஜக் கையெழுத்து அது. அலமாரி சாவியை நெட்டையின் இடுப்பிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு, "என்ன வேணும்?" என்று கேட்டபடி வாசலுக்குப் போனாள்.

மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இருவரும் கீழே வந்தார்கள். மீன் அறையில் டீச்சர் மட்டும் இருந்தாள், நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சை வெளிச்சம் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. நெட்டை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால்.

"டீச்சர்," என்றாள். "நேத்து நான் நடிக்கல."

டீச்சர் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்து, அதை நெட்டையின் பக்கம் திருப்பினாள். அவள் உதடு அசையாமல் எண்ணுவது குட்டைக்குத் தெரிந்தது.

"இன்னொரு நாற்காலி போடுங்க டீச்சர்," என்றாள் குட்டை. "நோட்டுல இருக்கற கையெழுத்து என்னோடது."